பார்த்தலும் பார்த்துக்கொள்ளுதலும்

(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

வேலையின்பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்றவர்கள், பிறந்த ஊரில் தனித்திருக்கும் பெற்றோரை எண்ணிக் கவலைகொள்வது இயல்பு. அக்கவலையைத் தீர்க்க இன்று படக்கருவி பொருத்திய சிறிய ரோபோக்கள் வந்துள்ளன. அவை வீட்டுக்குள் உலவுகின்றன. காண்பவற்றை வலையமைப்பின் வழியே நெடுந்தொலைவிலுள்ளோர்க்குக் காட்டுகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன? எதைச் செய்ய வல்லன? எதைச் செய்ய இயலாதன? யாருடைய இசைவோடு அவை பார்க்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

தொலைவில் ஒரு வீடு

போபாலிலிருந்து திருநெல்வேலிக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். தொடர்வண்டியில் சென்றாலும் ஓர் இரவில் சென்றடைய இயலாத தொலைவு. போபாலில் பணிபுரியும் ஒருவருடைய தாய் திருநெல்வேலிக்கு அருகில் ஒரு சிற்றூரில் தனியே வாழ்கிறார் என்று கொள்வோம். அவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் மகனுக்குப் பல எண்ணங்கள் தோன்றும். தாய் கொல்லைப்புறத்தில் இருக்கலாம், கோயிலுக்குச் சென்றிருக்கலாம், கீழே விழுந்தும் கிடக்கலாம். மூன்றில் எது உண்மை என்பதைத் தொலைபேசி மணி சொல்லாது.

அந்த ஐயத்தைப் போக்கவே வீட்டுக் கண்காணிப்பு ரோபோக்கள் உருவாக்கப்பட்டன. 'ரோபோ' என்னும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட நாடகம் ஒன்றின் வழியே உலகுக்கு அறிமுகமாயிற்று. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஏவிய வேலையைத் தட்டாமல் செய்வது என்பது அதன் உட்பொருள். ஆகவே, ரோபோ எதைச் செய்கிறது என்று கேட்பதோடு, அதை ஏவுகின்றவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

வாசற்கதவில் தொடங்கிய வரலாறு

வீட்டைப் படக்கருவியால் காக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர் வாழ்ந்தார். அவருக்கும் அவர் கணவருக்கும் வேலைநேரம் வெவ்வேறாக இருந்தது. ஆதலால் பல நேரங்களில் அவர் வீட்டில் தனியே இருக்க நேர்ந்தது. அழைத்தால் காவலர் விரைந்து வருவதும் அரிதாக இருந்தது. எனவே, மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் சேர்ந்து ஒரு கருவியை அவர் வடிவமைத்தார். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு படக்கருவி. உள்ளறையில் ஒரு தொலைக்காட்சித் திரை. வந்திருப்பவரைத் திரையில் பார்க்கலாம், அவரோடு பேசலாம், பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம், மற்றொரு பொத்தானால் அபாய ஒலி எழுப்பலாம். 1966இல் விண்ணப்பிக்கப்பட்ட இதற்கு 1969 திசம்பர் 2ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

தொலைவிலிருந்து பார்க்கும் வழி வேறோர் இடத்தில் பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஆய்வாளர் பலருக்கும் பொதுவாக ஒரே ஒரு காப்பிக் குடுவை இருந்தது. வேறு தளங்களில் இருந்தவர்கள் படியேறி வந்து, வெறுங்குடுவையைக் கண்டு திரும்பினர். 1991ஆம் ஆண்டு அவர்கள் குடுவையை நோக்கி ஒரு படக்கருவியைப் பொருத்தினர். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்று படங்களை ஆய்வகக் கணினிகளுக்கு அனுப்பியது. படத்தின் அளவு 128 புள்ளி அகலம், 128 புள்ளி உயரம். நிறம் சாம்பல் மட்டுமே. 1993இல் அப்படம் இணையத்தில் ஏறியது. உலகெங்குமிருந்து மக்கள் அந்தக் குடுவையைக் கண்டு களித்தனர். 2001ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் அப்படக்கருவி நிறுத்தப்பட்டது.

பிரவுனின் கருவியில், வீட்டில் இருப்பவர் வெளியே நிற்பவரைப் பார்த்தார். காப்பிக் குடுவையின் படக்கருவியிலோ, வெளியே இருப்பவர் உள்ளே இருப்பதைப் பார்த்தார். பார்வையின் திசை இவ்வாறு மாறியதை மாணவர் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் எழும் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

கண்ணுக்குக் கால் முளைத்தது

சுவரில் பொருத்திய படக்கருவி ஓரிடத்தையே பார்க்கும். வீடு முழுவதையும் காண அறைக்கு ஒன்று வேண்டும். படக்கருவிக்குச் சக்கரம் பொருத்தினால் ஒன்றே போதும் என அறிஞர் எண்ணினர்.

சப்பானில் மிட்சுபிசி நிறுவனம் 2005ஆம் ஆண்டு 'வாகமாரு' என்னும் ரோபோவை வெளியிட்டது. மஞ்சள் நிறமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட அது, வீட்டாரின் முகம் அறிந்து பேசியது. வெளியே சென்றவர்களுக்கு வீட்டின் படத்தைக் கைப்பேசி வழியே காட்டியது. 2008இல் 'ரோவியோ' என்னும் சிறு ரோபோ வந்தது. எந்தத் திசையிலும் உருளவல்ல மூன்று சக்கரங்களும் நிமிரும் கழுத்தில் ஒரு படக்கருவியும் அதற்கு இருந்தன. இணைய உலாவியில் அம்புக்குறிகளை அழுத்தி, வேறு நாட்டிலிருந்தும் அதனை ஓட்டலாம். 2021இல் அமேசான் நிறுவனம் அறிவித்த 'ஆஸ்ட்ரோ' தன் படக்கருவியை நீட்டுகம்பத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுப்பவல்லது. அடுப்பை அணைத்தோமா என்று தொலைவிலிருந்து பார்க்க அவ்வுயரம் உதவும்.

இத்தகைய ரோபோவில் நான்கு பகுதிகள் இன்றியமையாதன. படக்கருவி கண்ணாகிறது. மின்பொறியும் சக்கரமும் கால்களாகின்றன. செயலி மூளையாகிறது. கம்பியில்லா இணைப்பு நாவும் செவியும் ஆகிறது. இவற்றோடு நுண்ணுணர்வுக் கருவிகளும் உண்டு. அடிப்பகுதியிலுள்ள அகச்சிவப்பு உணரி தரையை நோக்கி ஒளியை வீசுகிறது. தரையில் பட்ட ஒளி திரும்பி வந்தால் ரோபோ முன்னேறும். திரும்பவில்லை என்றால் அங்கே படிக்கட்டு உள்ளது என்று நின்றுவிடும். மின்கலத்தில் ஆற்றல் குறையும்போது தன் மின்னேற்ற மேடையைத் தானே தேடிச் சென்று அமரும்.

படம் பயணம் செய்யும் வழி

படக்கருவி எடுக்கும் ஒவ்வொரு படமும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் தேவை. ஆகவே, ஒரு படத்துக்கு 62,20,800 பைட். நொடிக்கு 30 படங்கள் என்றால் நொடிதோறும் 18,66,24,000 பைட் செல்ல வேண்டும். சிற்றூர் வீட்டின் இணைப்பு இப்பெருஞ்சுமையைத் தாங்காது.

எனவே, படங்கள் சுருக்கப்படுகின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுவர் மாறுவதில்லை, கட்டில் மாறுவதில்லை, பாட்டியின் கை மட்டும் அசைகிறது. மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் சுமை பெரிதும் குறையும். 2003இல் தரப்படுத்தப்பட்ட 'எச்.264' போன்ற முறைகள் இந்த அடிப்படையில் இயங்குகின்றன.

சுருங்கிய படம் முதலில் வீட்டின் வழிச்செலுத்தியை அடைகிறது. அங்கிருந்து இணைய நிறுவனத்தின் கண்ணாடியிழை வழியே செல்கிறது. பெரும்பாலும் அது நேராகக் கைப்பேசிக்குச் செல்வதில்லை. ரோபோவை விற்ற நிறுவனத்தின் வழங்கிக் கணினிக்குச் சென்று, அதன் பின்னரே மகனின் கைப்பேசியை அடைகிறது. 'வலப்பக்கம் திரும்பு' என்னும் ஆணை அதே வழியில் திரும்பி வருகிறது.

கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே, 1,600 கிலோமீட்டரைக் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆயினும் சுருக்குதல், பல கணினிகளைக் கடத்தல், மீண்டும் விரித்தல் ஆகியவற்றால் தாமதம் நேர்கிறது. திரையில் காண்பது இப்போதைய வீடன்று. சற்று முந்தைய வீடு. இதனால்தான் படிக்கட்டில் நிற்கும் முடிவைத் தொலைவில் இருப்பவரிடம் விடாமல் ரோபோவிடமே விட்டுள்ளனர்.

நிலவில் ஓர் எடுத்துக்காட்டு

இவ்வமைப்பின் பெரிய வடிவத்தை இந்தியா நிலவில் இயக்கிக் காட்டியது. 2023 ஆகத்து 23ஆம் நாள் சந்திரயான்-3இன் 'விக்ரம்' தரையிறங்கி நிலவைத் தொட்டது. விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர். தரையிறங்கியிலிருந்து 'பிரக்யான்' என்னும் ஆறு சக்கர ஊர்தி வெளிவந்தது. அதன் எடை 26 கிலோகிராம். அது புவியோடு நேரே பேசுவதில்லை. தான் கண்டதை விக்ரமிடம் கூற, விக்ரமே புவிக்கு அனுப்பியது. வீட்டில் வழிச்செலுத்தி செய்யும் பணியை நிலவில் விக்ரம் செய்தது எனலாம்.

ஆகத்து 27ஆம் நாள் பிரக்யானின் படக்கருவி முன்னே 3 மீட்டர் தொலைவில் ஒரு பள்ளத்தைக் காட்டியது. அதன் குறுக்களவு 4 மீட்டர். நிலவிலிருந்து குறிப்பலை புவியை அடைய ஏறத்தாழ 1.3 நொடி ஆகும். ஆணை திரும்பிச் செல்ல மேலும் அதே அளவு நேரம். ஊர்தி நொடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே நகர்ந்ததால் அறிவியலாளருக்கு எண்ணிப் பார்க்க நேரம் கிடைத்தது. வந்த வழியே திரும்புமாறு ஆணையிட்டனர். ஊர்தி தப்பியது. தொலைவிலிருந்து இயக்குவோர்க்கு மெதுவே பாதுகாப்பு என்பது இதனால் விளங்கும்.

நிலவில் யாரும் வாழவில்லை. வீட்டிலோ மனிதர் வாழ்கின்றனர். நிலவில் எழாத ஒரு வினா வீட்டில் எழுகிறது. பார்க்கப்படுபவர் என்ன நினைக்கிறார்?

ஓர் உரையாடல்

(போபாலில் படிக்கும் பேத்தியும் திருநெல்வேலி வட்டாரத்தில் வாழும் அவள் ஆச்சியும் தொலைபேசியில் பேசுவதாக அமைந்த கற்பனை உரையாடல்)

பேத்தி: ஆச்சி, காலையில ரோபோ உங்க ரூமுக்கு வந்துச்சா?

ஆச்சி: வந்துச்சு, வந்துச்சு. பூனைக்குட்டி மாதிரி காலைச் சுத்திச் சுத்தி வருது. நான் தலை சீவிக்கிட்டு இருக்கேன். அது என்னையே பாத்துக்கிட்டு நிக்கி.

பேத்தி: அப்பாதான் ஆபீஸ்ல இருந்து பாத்திருப்பாங்க. நீங்க மாத்திரை போட்டீங்களான்னு பாக்கணும்லா?

ஆச்சி: 'மாத்திரை போட்டியாம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா நான் சொல்ல மாட்டனா? கேக்காம பாத்துட்டுப் போனா, யாரு பாத்தா, எதைப் பாத்தான்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?

பேத்தி: போன வருசம் பாத்ரூம்கிட்ட வழுக்கி விழுந்து ரெண்டு மணி நேரம் கிடந்தீங்கல்லா ஆச்சி. அதுல இருந்துதான் அப்பாவுக்குப் பயம்.

ஆச்சி: அது நெசந்தான். அன்னைக்கு இது இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். வேண்டாம்னு நான் சொல்லலட்டி. வீட்டுக்கு வாரவங்க வாசல்ல நின்னு ஒரு குரல் குடுத்துட்டுத்தானே உள்ள வருவாங்க? இதுவும் அப்படி வரட்டும்.

பேத்தி: சரி ஆச்சி. இனிமே போன் பண்ணிட்டுத்தான் ரோபோவை அனுப்புவோம். பாத்ரூம் பக்கம்?

ஆச்சி: அங்கன வரவே கூடாது. படுக்குற ரூமுக்கும் வர வேண்டாம். அவசரத்துக்கு அமுக்குற பட்டன் ஒண்ணு இருக்காமே, அதை வாங்கித் தாங்க. கழுத்துல போட்டுக்கிடுதேன்.

பேத்தி: அப்போ ரோபோ எப்போ வரலாம்?

ஆச்சி: சாயங்காலம் ஆறு மணிக்கு வரட்டும். விளக்கேத்திட்டு உக்காந்திருப்பேன். என்னை உங்களுக்குக் காட்டுற மாதிரி, உங்க மூஞ்சியையும் எனக்குக் காட்டணும். அதையும் அப்பாகிட்ட சொல்லு.

ஆச்சியின் நிபந்தனைகள்

இவ்வுரையாடலில் ஆச்சி கருவியை மறுக்கவில்லை. மகனின் அச்சத்தை அவர் பொய்யென்று தள்ளவுமில்லை. நான்கு நிபந்தனைகளை மட்டும் வைத்தார். முன்னரே சொல்லிவிட்டு வர வேண்டும். வரக்கூடாத இடங்கள் உண்டு. வருவதற்கு ஒரு நேரம் வேண்டும். பார்வை இருபுறமும் இருக்க வேண்டும்.

இவை நான்கும் கருவியால் இயல்வனவே. பல ரோபோக்கள் வீட்டின் வரைபடத்தைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. அவ்வரைபடத்தில் நுழையக்கூடாத பகுதிகளைக் குறித்துவிடலாம். நேரத்தை வரையறுக்கலாம். திரையுள்ள ரோபோவில் பார்ப்பவரின் முகத்தையும் காட்டலாம். ஆனால், இவற்றை முடுக்கிவிட யாரேனும் ஆச்சியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

உரையாடல் மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. முதியோர் வழுக்கி விழும் இடங்களுள் குளியலறை முதன்மையானது. படக்கருவி செல்லக்கூடாத இடமும் அதுவே. ஆகவே, படக்கருவி எல்லா ஆபத்துக்கும் மருந்தாகாது. ஆச்சி கேட்ட அழுத்துபொத்தான் அங்கே அதைவிடப் பயன்படும்.

படக்கருவி இல்லாத ஒரு வழி

சப்பானில் இன்று நூறு பேரில் ஏறத்தாழ 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். தனியே வாழும் முதியோரும் அங்கு மிகுதி. அந்நாட்டில் 2001ஆம் ஆண்டு சோசிருசி என்னும் நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெண்டியை அறிமுகம் செய்தது. சப்பானியர் நாள்தோறும் தேநீர் அருந்துவோர். தனியே வாழும் முதியவர் கெண்டியிலிருந்து நீர் எடுத்தால் அச்செய்தி கம்பியில்லா வலையமைப்பில் செல்லும். தொலைவிலுள்ள மகனோ மகளோ நாளுக்கு இருமுறை மின்னஞ்சலில் அதை அறிவர். காலையில் நீர் எடுத்திருந்தால் தாய் நலம். எடுக்கவில்லை என்றால் உடனே அழைத்து நலம் விசாரிக்கலாம்.

இக்கெண்டியில் கண் இல்லை. முதியவர் என்ன உடுத்தியிருந்தார், யாரோடு பேசினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 'எழுந்துவிட்டார், தேநீர் அருந்தினார்' என்னும் ஒன்றை மட்டுமே அது அறிவிக்கிறது. அன்றாடக் கவலைக்கு அதுவே போதுமானதாகப் பலருக்கு இருந்தது. தேவையான அளவுக்கு மட்டும் தெரிந்துகொள்வது மரியாதையின் ஒரு பகுதி என்பதை இக்கெண்டி உணர்த்துகிறது.

திறந்து கிடக்கும் கதவுகள்

வலையமைப்பில் இணைந்த படக்கருவி ஒரு கதவைப் போன்றது. உரியவர் நுழையும் வழியில் பிறரும் நுழைய முயல்வர். 2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல் பரவியது. சப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'எதிர்காலம்' என்று பொருள். இணையத்தில் இணைந்த படக்கருவிகளையும் வழிச்செலுத்திகளையும் அது தேடிச் சென்றது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமலே வைத்திருந்தனர். அத்தகைய அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகள் மிராயிடம் இருந்தன. அவற்றைக் கொண்டே அது ஏராளமான கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகள் ஒன்றுசேர்ந்து தாக்கியதால் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. வீட்டைக் காக்க வாங்கிய கருவி, உரிமையாளர் அறியாமலே பிறரைத் தாக்கும் படையில் சேர்ந்திருந்தது.

திருடர் நுழையாமலும் படம் வெளியேறலாம். வீட்டைத் துப்புரவு செய்யும் சோதனை ரோபோக்கள் எடுத்த அந்தரங்கப் படங்கள் சில, சமூக ஊடகக் குழுக்களில் வெளிப்பட்டதாக 2022ஆம் ஆண்டு இறுதியில் செய்தி வந்தது. ரோபோவுக்குப் பொருள்களை அடையாளம் காணக் கற்பிக்க வேண்டும். அதற்காகப் படங்களில் 'இது நாற்காலி, இது மேசை' என்று குறிக்கும் பணியாளர் வேறொரு நாட்டில் இருந்தனர். அவர்கள் வழியே அப்படங்கள் கசிந்தன. எனவே, 'எங்கள் வீட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது?' என்று அலட்சியமாக இருத்தல் தகாது.

பாதுகாப்புக்குச் சில எளிய வழிகள் உள்ளன.

1. கருவி வந்த அன்றே அதன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.
2. இரட்டைச் சரிபார்ப்பு முறையை முடுக்கிவைக்க வேண்டும்.
3. மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.
4. பயன்படாத நேரத்தில் படக்கருவியை மூடியால் மறைக்க வேண்டும். அல்லது ரோபோவைச் சுவர் நோக்கி நிறுத்த வேண்டும்.
5. யார் யார் கைப்பேசியில் வீட்டின் காட்சி தெரியும் என்பதை வீட்டில் வாழ்பவர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2017 ஆகத்து 24ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எசு. புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தரங்கம் காக்கும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அதன்பின் 2023இல் எண்ணிம முறையிலான தனிநபர் தரவுகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவருடைய தரவைக் கையாளும் நிறுவனம் அவரிடம் பெறும் இசைவு, விளங்கிக்கொண்டு தரும் தெளிவான இசைவாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

எனினும், ஒருவர் தம் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. நிறுவனம் ஆச்சியிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லும். மகன் ஆச்சியிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்லாது. அவ்விடத்தைக் குடும்பத்தின் பண்பே நிரப்ப வேண்டும்.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

'கண்காணி' என்பது தமிழில் பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர்கள் அப்பெயரால் குறிக்கப்படுகின்றனர். கணக்குச் சரியாக இருக்கிறதா, பணி முறையாக நடக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கடமை. பிற்காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்த் தொழிலாளர் பலர் புலம்பெயர்ந்தனர். அங்கே அவர்களை அழைத்துச் சென்று வேலை வாங்கியவர் 'கங்காணி' எனப்பட்டார். அத்தோட்டங்களில் கங்காணியின் பார்வை அச்சம் தருவதாகவும் இருந்தது.

தமிழில் இதனோடு எண்ணத்தக்க மற்றொரு சொல் 'பார்த்துக்கொள்ளுதல்'. 'அம்மாவைப் பார்த்தேன்' என்றால் கண்டேன் என்று பொருள். 'அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்' என்றால் உணவும் மருந்தும் துணையும் தந்து பேணினேன் என்று பொருள். 'கொள்' என்னும் சிறு துணைவினை கண்ணின் செயலைக் கையின் செயலாக்கிவிடுகிறது.

ரோபோ பார்க்கும். விழுந்து கிடப்பவரைக் காட்டும். ஆனால், அவரைத் தூக்கி நிறுத்த அதற்குக் கையில்லை. போபாலில் இருக்கும் மகன் அக்காட்சியைக் கண்டவுடன் செய்யக்கூடியது என்ன? அடுத்த வீட்டாரை அழைக்கலாம். அவர்களிடம் ஒரு சாவி இருந்தால் உடனே உள்ளே செல்வர். 108 என்னும் எண்ணில் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். முதியோர்க்கான 14567 என்னும் தேசிய உதவி எண்ணில் பிற வேளைகளில் ஆலோசனை பெறலாம். இவை அனைத்துக்கும் மனிதர் வேண்டும். ரோபோ வாங்குமுன் அண்டைவீட்டாரின் எண்ணைக் குறித்துவைத்தல் முதற்பணி.

வெளியூரில் வாழும் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு அமர்ந்திருப்பவரிடம் பேசச் சொற்கள் வேண்டும். ஆச்சி பேசுவது தமிழ். அம்மொழியைக் கற்ற பேத்தியால் மட்டுமே, 'நல்லா இருக்கேன்' என்று ஆச்சி சொல்லும்போது அது மெய்யா, மழுப்பலா என்று குரலைக் கொண்டே அறிய முடியும். படக்கருவிக்கு அது தெரியாது.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
இசைவு – சம்மதம்
அந்தரங்கம் – பிறர் அறியத் தகாத சொந்தச் செய்தி
பேணுதல் – பாதுகாத்து வளர்த்தல்
குறுக்களவு – விட்டம்
மழுப்பல் – உண்மையை மறைத்துப் பேசுதல்

கலைச்சொல் அறிவோம்

படக்கருவி – கேமரா
வழிச்செலுத்தி – ரவுட்டர்
வழங்கி – சர்வர்
உணரி – சென்சார்
கடவுச்சொல் – பாஸ்வேர்டு
படப்புள்ளி – பிக்சல்

இலக்கணம் அறிவோம்: துணைவினை

ஒரு வினைச்சொல் தன் அடிப்படைப் பொருளைத் தந்து நின்றால் அது முதல்வினை. முதல்வினையைச் சார்ந்து வந்து அதன் பொருளுக்கு மெருகூட்டுவது துணைவினை. 'பார்த்துக்கொண்டாள்' என்பதில் 'பார்த்து' முதல்வினை, 'கொண்டாள்' துணைவினை. காலமும் பாலும் காட்டும் உறுப்புகளைத் துணைவினையே ஏற்றிருப்பதைக் காண்க. 'பார்' என்பதும் துணைவினையாக வரும்: 'எழுதிப் பார்', 'கேட்டுப் பார்'. இவற்றில் அது முயலுதல் என்னும் பொருளைத் தருகிறது.

மதிப்பீடு

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கேம்பிரிட்ஜ் ஆய்வகப் படக்கருவி காட்டிய பொருள் ________.
2. பிரக்யான் கண்டதைப் புவிக்கு அனுப்பியது ________.
3. அந்தரங்க உரிமை அரசமைப்பின் ________ஆம் உறுப்பின் பகுதி.

ஆ) குறுவினா

1. பிரவுனின் கருவியில் யார் யாரைப் பார்த்தனர்?
2. படிக்கட்டு இருப்பதை ரோபோ எவ்வாறு அறிகிறது?
3. மிராய் கருவிகளைக் கைப்பற்றியது எவ்வாறு?

இ) சிறுவினா

1. படங்களைச் சுருக்குவதன் தேவையைக் கணக்குடன் விளக்குக.
2. ஆச்சி வைத்த நான்கு நிபந்தனைகளை எழுதுக.
3. வெந்நீர்க் கெண்டிக்கும் படக்கருவி ரோபோவுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

ஈ) நெடுவினா

மகனின் அச்சம், ஆச்சியின் மானம் ஆகிய இரண்டையும் மதித்து, அவ்வீட்டில் ரோபோ இயங்குவதற்கான விதிகளை வகுத்துக் காரணங்களுடன் எழுதுக.

உ) பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.

1. அது என்னையே பாத்துக்கிட்டு நிக்கி.
2. கழுத்துல போட்டுக்கிடுதேன்.
3. விளக்கேத்திட்டு உக்காந்திருப்பேன்.

ஊ) முதல்வினை, துணைவினைகளைப் பிரித்து எழுதுக.

படித்துக்காட்டினான், நின்றுவிட்டது, கேட்டுப் பார்த்தாள், எழுதி வைத்தார்

கற்பவை கற்றபின்

உங்கள் தாத்தா, பாட்டி, ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி ஆகியோருள் ஒருவருடன் தொலைபேசியில் பேசுக. வீட்டில் படக்கருவி இருப்பதைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுக. பின்னர் அதனை எழுத்து வழக்கில் ஒரு பத்தியாக மாற்றி வகுப்பில் படித்துக் காட்டுக.